ஊர் கூடி வளர்க்க வேண்டிய கால்பந்துக் கழகம்

(வீராம்பட்டினத்தில் கூடிய ஊர்க் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)

 

சிற்றூர்க் கால்பந்துக் கழகங்களைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். "பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடுகிறார்கள், பார்க்க வருவோர்தாம் இல்லை. கழகத்துக்காக உழைப்பவர்கள் நான்கைந்து பேர். அவர்களும் களைத்துவிட்டால் கழகத்தை மூடவேண்டியதுதான்" என்பது பல ஊர்களிலும் நாம் கேட்கும் குறை. இதை வெறும் விளையாட்டுச் செய்தி என்று பெரியவர்கள் தள்ளிவிடலாகாது. மாலை வேளையில் மைதானத்துக்குப் போக வழியில்லாத இளைஞன் வேறு எங்கேனும் போகத்தான் செய்வான். எங்கே போகிறான் என்பது அவனைப் பெற்ற தாய்க்குத் தெரியும். ஒரு சிற்றூரில் கால்பந்துக் கழகம் நின்றுபோனால், இருபது முப்பது பிள்ளைகளின் மாலைப்பொழுது மதுக்கடைக்கும் வீண் சண்டைக்கும் திறந்துவிடப்படுகிறது.

கூட்டம் சேர்ப்பது எப்படி என்று வீராம்பட்டினத்தாருக்கு வெளியூரான் ஒருவன் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் செங்கழுநீரம்மன் தேர் புறப்படும்போது இந்த ஊர்த் தெருக்களில் கால் வைக்க இடமிருப்பதில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்தார்; இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வடம் பிடித்துத் தேரைத் தொடங்கி வைக்கிறார்கள். இத்தனை மக்கள் ஏன் வருகிறார்கள்? பக்தி முதற் காரணம். அதனோடு மற்றொன்றும் உண்டு. தேர்த் திருவிழாவில் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் பங்கு இருக்கிறது. வரி கொடுத்தவர், பந்தல் போட்டவர், நீர்மோர் வார்த்தவர், வடம் பிடித்தவர் என்று எல்லாரும் அது தம்முடைய விழா என்று எண்ணுகிறார்கள். தமக்குப் பங்குள்ள காரியத்தைப் பார்க்க எவரும் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை.

நம் கழகங்கள் செய்யும் பிழை இங்கேதான் இருக்கிறது. "வாருங்கள், எங்கள் ஆட்டத்தைப் பாருங்கள்" என்று அழைக்கிறோம். ஊராரை வேடிக்கை பார்ப்பவர்களாக நிறுத்திவிட்டு, அவர்கள் வரவில்லையே என்று வருந்துகிறோம். முதலில் அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும்.

உங்கள் ஊருக்கு மிக அருகில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டுகிறேன். 1998ஆம் ஆண்டிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினத்திலும் அத்தகைய மையம் ஒன்று ஏற்பட்டது. கடல் அலையின் உயரம் எவ்வளவு இருக்கும் என்ற செய்தியை நாள்தோறும் பெற்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படகு இறக்கலாமா கூடாதா என்பது அச்செய்தியைப் பொறுத்திருந்ததால், ஊர் முழுவதும் காது கொடுத்துக் கேட்டது. பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. அன்று சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையைக் கேட்ட நல்லவாடு இளைஞர்கள், தகவல் மையத்து ஒலிபெருக்கியைத் திறந்து ஊரை வெளியேறச் சொன்னார்கள். ஊர் உடனே எழுந்து நடந்தது; உயிர்கள் தப்பின. நாள்தோறும் பயனுள்ள செய்தி சொல்லிவந்த குரல் ஆகையால், ஆபத்து நாளிலும் மக்கள் அதை நம்பினார்கள்.

கால்பந்துக் கழகத்துக்கும் இதுவே பாடம். ஆண்டு முழுவதும் ஊருக்கு ஒரு துரும்பும் எடுத்துப் போடாத கழகம், போட்டி நாளன்று மட்டும் ஒலிபெருக்கி வைத்தால் எவர் செவி கொடுப்பார்? தேர் நாளில் தண்ணீர் வழங்கக் கழகத்துப் பிள்ளைகள் நிற்கட்டும். மாதம் ஒரு முறை கரையைத் துப்புரவு செய்யட்டும். கடலில் ஒருவரை இழந்த வீட்டுக்கு முதலில் போய் நிற்பவர்களாக இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்றால் ஊர் வந்தே தீரும்.

இனி, செய்யத்தக்க காரியங்களைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, நேரம். உழைக்கும் மக்களின் நேரத்துக்கு ஆட்டம் இணங்க வேண்டும். ஆட்டத்தின் நேரத்துக்கு அவர்கள் இணங்க முடியாது. படகு எப்போது திரும்பும், மீன் ஏலம் எப்போது முடியும், சந்தைக்குப் போன பெண்கள் எப்போது வீடு சேர்வார்கள் என்பதைக் கேட்டறிந்து நாள் குறியுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாள்களில் ஆண்கள் கரையில் இருக்கிறார்கள். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் வருகிறது. தெருவுக்கு ஓர் அணி என்று பிரித்து நடத்தும் ஊர்ப் போட்டிக்கு இதைவிட நல்ல பருவம் வேறில்லை. பாகூர்ப் பக்கத்து விவசாயிகளுக்குச் சம்பா அறுவடைக்குப் பிந்திய நாள்கள் வாய்ப்பானவை.

கேரளத்து மலப்புறம் மாவட்டத்து மக்கள் இதை நன்கு அறிந்திருக்கிறார்கள். அங்கே அணிக்கு ஏழு பேராக ஆடும் 'செவன்ஸ்' ஆட்டம் பெரும் புகழ் பெற்றது. அறுவடை முடிந்த வயல்களிலும் பள்ளி மைதானங்களிலும் தற்காலிக இருக்கைகள் அமைத்து, பகல் வேலை முடிந்த பிறகு விளக்கொளியில் ஆடுகிறார்கள். நுழைவுச் சீட்டில் வரும் பணத்தின் ஒரு பகுதி நோயாளிகளின் சிகிச்சைக்கும் வேறு பொதுக் காரியங்களுக்கும் போவதுண்டு. சீட்டு வாங்கியவர் ஆட்டத்தையும் பார்க்கிறார். அயலாருக்கு உதவிய மனநிறைவும் பெறுகிறார். ஆனால் ஓர் எச்சரிக்கை: 2022 மார்ச் மாதத்தில் அதே மாவட்டத்தில் தற்காலிக இருக்கை மேடை ஒன்று சரிந்து பலர் காயமுற்றனர். கூட்டம் வரவேண்டும் என்ற ஆசையில் மக்களின் பாதுகாப்பை மறந்துவிடக்கூடாது. உயர்ந்த மேடை வேண்டாம். தரையில் விரித்த பாயும் ஓரத்தில் கட்டிய கயிறும் போதும்.

இரண்டாவது, குழந்தைகள். ஆட்டத்தின் இரு பாதிகளுக்கு நடுவே பதினைந்து நிமிட இடைவேளை உண்டு. அதில் பத்து நிமிடம் பத்து வயதுச் சிறுவர் சிறுமியரை ஆடவிடுங்கள். அவர்களுக்கு ஏற்ற நான்காம் எண் பந்தையே கொடுங்கள். ஒரு குழந்தை ஆடினால் தாய், தந்தை, பாட்டி, அத்தை என்று நான்கு பேராவது வருவார்கள். இன்று பத்து நிமிடம் ஆடும் சிறுவன்தான் பத்தாண்டுகளுக்குப் பிறகு உங்கள் முன்கள வீரன்.

மூன்றாவது, தாய்மார்கள். ஊரில் பாதிப் பேர் பெண்கள். அவர்கள் அமர நிழலும், குடிக்க நீரும், ஒதுங்கக் கழிப்பிடமும் இல்லாத மைதானத்துக்கு அவர்கள் வரவில்லையே என்று குறை கூறுவதில் பொருளில்லை. பெண்பிள்ளைகள் பார்ப்பதோடு நின்றுவிடவும் வேண்டியதில்லை. பக்கத்திலுள்ள கடலூரைப் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு அங்கே பல சிறுமியர் கால்பந்துப் பயிற்சியில் சேர்ந்து புது வாழ்வு பெற்றனர். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடினார். தமிழ்நாட்டுக் காவல் துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றினார். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் தேசிய வாகை சூடியது. அந்த வாய்ப்பை உங்கள் ஊர்ப் பெண்பிள்ளைக்கு ஏன் மறுக்க வேண்டும்?

நான்காவது, ஒழுங்கு. பக்கத்து ஊர் அணி வரும்போது கைகலப்பு நேர்ந்தால், அடுத்த முறை குடும்பத்தினர் எவரும் மைதானத்தின் பக்கம் வரமாட்டார்கள். ஆகையால் நடுவரை இரண்டு ஊருக்கும் பொதுவான மூன்றாம் ஊரிலிருந்து அழையுங்கள். குடித்துவிட்டு வருபவர் எவராயினும், கழகத் தலைவரின் தம்பியே ஆயினும், மைதானத்துக்குள் இடமில்லை என்று முன்னரே அறிவியுங்கள். ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் ஒன்றாக அமர்ந்து தேநீர் அருந்தட்டும். தோற்றுப்போன அணி மகிழ்ச்சியோடு திரும்பிப் போனால், மறு ஆண்டு தன் ஊராரையும் அழைத்துக்கொண்டு வரும்.

ஐந்தாவது, கணக்கு. கழகத்துக்கு ஊர்ப் பணம் வேண்டுமானால் ஊருக்குக் கணக்கு வேண்டும். பந்துக்கு எவ்வளவு, வலைக்கு எவ்வளவு, வெளியூர்ப் பயணத்துக்கு எவ்வளவு என்று ஒரு கரும்பலகையில் எழுதித் தேநீர்க் கடையருகே வையுங்கள். அடுத்த ஆட்டத்தின் நாளையும் சென்ற ஆட்டத்தின் முடிவையும் அதே பலகையில் எழுதுங்கள். தோல்வியையும் மறைக்காமல் எழுதுங்கள். பணம் கொடுக்க இயலாதவர் உழைப்பைக் கொடுக்கட்டும். வலை பின்னத் தெரிந்த கைகள் நிறைந்த ஊரில் கோல் வலையை விலைக்கு வாங்குவானேன்? அதைப் பின்னிய முதியவர், தம் வலையில் பந்து விழுவதைப் பார்க்கத் தவறாமல் வருவார்.

இறுதியாக, பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே கூறிய அனைத்துக்கும் மைதானமே அடிப்படை. கடற்கரை ஊர்களில் ஒரு பக்கம் அலை நிலத்தை அரிக்கிறது. மறு பக்கம் மனைவிலை ஏறி வெற்றிடங்கள் மறைகின்றன. தாய்லாந்து நாட்டில் பன்யி என்ற மீனவ ஊர், கடலுக்கு மேல் கால்களை நட்டுக் கட்டிய வீடுகளால் ஆனது. பந்தாட அங்கே சமநிலமே இல்லை. 1986ஆம் ஆண்டில் அவ்வூர்ச் சிறுவர்கள் பழைய மரத்துண்டுகளைச் சேர்த்து மிதக்கும் மைதானம் ஒன்றைத் தாமே கட்டினார்கள். ஆணிகள் துருத்திக்கொண்டிருந்த அந்தப் பலகைத் தளத்தில், பந்து கடலில் விழும்போதெல்லாம் குதித்து எடுத்து ஆடினார்கள். நிலமே இல்லாத பிள்ளைகள் மைதானம் அமைத்துக்கொண்டார்கள். நிலம் உள்ள நாம் அதை இழந்துவிடலாமா? ஊரில் எஞ்சியிருக்கும் விளையாட்டிடத்தை அளந்து, எல்லைக் கல் நட்டு, பஞ்சாயத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். இதை இந்த ஆண்டிலேயே செய்யுங்கள். ஆட்கள் குறைந்துபோன கழகத்தை மறுபடியும் தொடங்கலாம். வீடு எழும்பிவிட்ட மைதானத்தை மீட்பது எளிதன்று.

அன்பர்களே! நான் கூறியவற்றுள் பெரும் பொருட்செலவு வேண்டுவது ஒன்றுமில்லை. இன்று வீடு திரும்பும்போது கழகத்து இளைஞர்கள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, "எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வாருங்கள்" என்பதற்குப் பதிலாக, "எங்களுக்கு இந்த ஒரு வேலையைச் செய்து கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்டுப் பாருங்கள், மறுப்பவர் மிகச் சிலராகவே இருப்பர். தேர் வடத்தைப் பிடித்துப் பழகிய கைகள் இவை. உங்கள் பிள்ளைகளின் கழகத்தையும் இவை முன்னே இழுத்துச் செல்லும் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.