அமைதி ஒப்பந்தமும் நம் வகுப்பறையும்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



வெர்சாய் உடன்படிக்கை 1919இல் கையெழுத்தானது. 1939இல் அடுத்த உலகப் போர் தொடங்கிவிட்டது. பத்தாம் வகுப்பில் இந்த இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் எழுதுகிறோம். காரணங்கள், விளைவுகள் என்று பட்டியலிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஓர் ஒப்பந்தம் எப்போது நிலைக்கும், எப்போது உடையும் என்ற கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதற்கு விடை தேட, வட அயர்லாந்து என்ற சிறிய நிலப்பகுதியை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

மோதல்களைப் பொறுத்தவரை மூன்று வேலைகள் உண்டு: வருமுன் தடுப்பது, வந்தபின் கட்டுப்படுத்துவது, இறுதியில் தீர்த்து வைப்பது. இவை ஒன்றல்ல. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு இருந்தன. அங்கே பெரும்பான்மையினர் புராட்டஸ்டண்ட் பிரிவினர். பிரிட்டனோடு இருக்க விரும்பியவர்கள். சிறுபான்மையினரான கத்தோலிக்கர்களில் பெரும்பாலோர் ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பினர். வீடு ஒதுக்குவதிலும் வேலை கொடுப்பதிலும் கத்தோலிக்கர்களுக்குப் பாகுபாடு இருந்தது. உள்ளாட்சித் தேர்தலில் வயது வந்த எல்லோருக்கும் வாக்கு இல்லை. வரி செலுத்தும் வீட்டுக்காரர்களுக்கே வாக்கு. 1968இல் மக்கள் ஊர்வலம் போனார்கள். அவர்கள் கேட்டது வீடு, வேலை, ஒருவருக்கு ஒரு வாக்கு. அந்த அக்டோபர் 5ஆம் நாள் டெர்ரி நகரில் காவல்துறை தடியடி நடத்தியது. தடுத்திருக்கக்கூடிய காலம் அத்தோடு கைநழுவியது.

அடுத்து, கட்டுப்படுத்தும் வேலை. 1969 ஆகஸ்டில் பிரிட்டிஷ் இராணுவம் தெருவில் இறங்கியது. பெல்ஃபாஸ்டில் இரு தரப்பார் வாழும் தெருக்களுக்கு நடுவே தற்காலிகமாகச் சுவர்கள் எழுந்தன. அவற்றில் பல இன்றும் நிற்கின்றன. 1972 ஜனவரி 30 அன்று ஓர் ஊர்வலத்தின்மீது இராணுவமே சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தனர். இரு பக்கமும் ஆயுதக் குழுக்கள் வளர்ந்தன. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 3,500 உயிர்கள் போயின. அன்று அங்கே மொத்த மக்கள் தொகையே சுமார் 15 இலட்சம்தான்.

மூன்றாவது, தீர்க்கும் வேலை. 1973இல் ஓர் ஒப்பந்தம் வந்தது. அடுத்த ஆண்டே ஒரு பொது வேலைநிறுத்தத்தில் அது கவிழ்ந்தது. பிறகு 1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி ஒப்பந்தம் உருவானது. அமெரிக்காவின் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் பேச்சுவார்த்தைக்குத் தலைமை வகித்தார். வன்முறையைக் கைவிட ஒப்புக்கொண்டால், ஆயுதக் குழுக்களோடு தொடர்புடைய கட்சிகளும் மேசைக்கு வரலாம் என்பது விதி.

இந்த ஒப்பந்தத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "இந்த மண் யாருக்கு?" என்ற மூலக் கேள்விக்கு அது தீர்ப்புச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை எப்படி முடிவு செய்வது என்று மட்டும் சொன்னது: பெரும்பான்மை மக்கள் வாக்களித்து விரும்பினாலன்றி நிலை மாறாது. அதுவரை அங்குள்ளவர் தம்மைப் பிரிட்டிஷ்காரர் என்றோ ஐரிஷ்காரர் என்றோ இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம். எந்தத் தரப்பும் தனித்து ஆள முடியாது. கைதிகள் விடுதலை, காவல்துறைச் சீரமைப்பு, ஆயுதக் களைவு என்று ஒவ்வொரு தரப்பின் மனக்குறைக்கும் அதில் இடம் இருந்தது. பிறகு மக்களிடமே கேட்டார்கள். வடக்கே 71 விழுக்காட்டினரும், தெற்கே அயர்லாந்துக் குடியரசில் 94 விழுக்காட்டினரும் ஆதரித்தனர். நான்கே மாதத்தில் ஓமா நகரில் ஒப்பந்தத்தை எதிர்த்த குழு வைத்த குண்டில் 29 பேர் இறந்தனர். ஆனாலும் ஒப்பந்தம் உடையவில்லை. அது மக்கள் கையில் இருந்தது. தோற்றவர்மீது சுமத்தப்பட்ட வெர்சாய்க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அந்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு ஜான் ஹியூம், டேவிட் ட்ரிம்பிள் இருவருக்கும் கிடைத்தது. ஹியூம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ட்ரிம்பிள் சட்டம் கற்பித்த விரிவுரையாளர். எதிரெதிர் தரப்பைச் சேர்ந்த இருவருமே நம் தொழிலிலிருந்து போனவர்கள்!

ஆனால் பள்ளிகளின் கதை வேறு. அங்கே கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டண்ட் பிள்ளைகளும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளில் படிக்கிறார்கள். சீருடையைப் பார்த்தே எந்தத் தரப்பு என்று சொல்லிவிடலாம். 1981இல், சிறையில் உண்ணாவிரதமிருந்து பத்துப் பேர் இறந்த அதே ஆண்டில், சில பெற்றோர் துணிந்து பெல்ஃபாஸ்டில் லாகன் கல்லூரி என்ற பொதுப் பள்ளியைத் தொடங்கினர். முதலில் சேர்ந்தவர்கள் 28 மாணவர்கள். இன்று அத்தகைய பள்ளிகள் பல உள்ளன. ஆனாலும் பத்தில் ஒரு பிள்ளைகூட அவற்றில் படிப்பதில்லை. ஒப்பந்தம் தலைவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்தது. பிள்ளைகளை ஒரே பெஞ்சில் உட்கார வைக்க அதனால் இன்னும் முடியவில்லை.

நம் அரசுப் பள்ளிகளில் அந்த ஒரே பெஞ்ச் இருக்கிறது. ஆனால் அந்தப் பெஞ்சுக்கே கையில் கட்டிய கயிற்றின் நிறத்தோடு பிள்ளைகள் வருவதையும், அது அடிதடியில் முடிவதையும் நாம் அறிவோம். தடுக்கும் வேலை நம் கையில்தான் இருக்கிறது.

அதற்கு மூன்று சிறு வழிகளைச் சொல்கிறேன். போர்ப் பாடம் நடத்தும்போது காலக்கோடு வரைந்து, "எந்த இடத்தில் இதை நிறுத்தியிருக்கலாம்?" என்று மாணவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். விவாதத்தில், எதிர்த்தரப்பு சொன்னதை அவர்கள் ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே ஒருவர் தம் கருத்தைச் சொல்லலாம் என்று விதி வையுங்கள். மூன்றாம் வகுப்பில் இடத்துக்காக இரு குழந்தைகள் அடித்துக்கொண்டால், தனித்தனியே உட்கார வைப்பது கட்டுப்படுத்தும் வேலை மட்டுமே. அடுத்த நாள் இருவரின் மனக்குறையையும் கேட்டு, அவர்கள் வாயாலேயே ஓர் உடன்பாட்டைச் சொல்ல வையுங்கள். இரண்டு வாரம் கழித்து, அது நடக்கிறதா என்று அவர்களிடமே கேளுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்.