கிண்ணமும் பயிற்சியும்

பள்ளியிலே நீங்கள் செய்து பார்த்த எளிய சோதனை ஒன்றை முதலில் நினைவூட்டுகிறேன். ஒரு தட்டிலே சிறிது நீர் ஊற்றி, நடுவே சிறு மெழுகுவர்த்தியை நிறுத்தி ஏற்றுகிறோம். அதன்மேல் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்க்கிறோம். சுடர் சற்று நேரம் எரிந்து அணைகிறது. அணைந்ததும் தட்டிலுள்ள நீர் தம்ளருக்குள் ஏறுகிறது. சுடர் பிராணவாயுவை உண்டுவிட்டது, அந்த இடத்தை நிரப்ப நீர் ஏறுகிறது என்று பலர் விளக்கம் கூறுவர். அது முக்கியமான காரணம் அன்று. சுடரின் வெப்பத்தால் காற்று விரிந்து, அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்தபின் எஞ்சிய காற்று குளிர்கிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றோ சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அழுத்தமே நீரை உள்ளே தள்ளுகிறது.

தட்டு இருந்த இடத்தில் ஒரு மனிதனுடைய முதுகு இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அதுதான் இன்று ‘கப்பிங்’ என்று வழங்கப்படும் சிகிச்சை. கிண்ணம் வைத்தல் என்று நாம் சொல்லலாம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்தி, கண்ணாடிக் கிண்ணத்தினுள் ஒரு கணம் காட்டி எடுத்துவிட்டு, கிண்ணத்தை உடனே முதுகின்மேல் கவிழ்க்கிறார்கள். உள்ளேயுள்ள காற்று குளிரக் குளிர, தோலும் அதன் கீழுள்ள சதையும் மேல்நோக்கிப் புடைக்கின்றன. நெருப்பின்றிக் கைப்பம்பினால் காற்றை வாங்கும் கிண்ணங்களும் உண்டு. சில நிமிடங்கள் கழித்துக் கிண்ணத்தை எடுத்தால், அங்கே செந்நீல வட்டம் ஒன்று பதிந்திருக்கும். 2016ஆம் ஆண்டு ரியோ டி ஜெனீரோ ஒலிம்பிக் பந்தயத்தில் அமெரிக்க நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் உலகமே கண்டு வியந்த வட்டங்கள் இவையே. கெட்ட இரத்தம் வெளியேறியதன் அடையாளம் இது என்பாரும் உளர். உண்மையில், தோலின் கீழுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்ததனால் ஏற்பட்ட கன்றலே அது. சில நாட்களில் தானே மறைந்துவிடும்.

இந்த முறை மிகப் பழைமையானது. சுசுருத சம்ஹிதை குருதி வாங்குவதற்கு மூன்று கருவிகளைக் கூறுகிறது: பசுவின் கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை. சுரைக்குடுக்கையின் உள்ளே விளக்கை எரியவிட்டு உடலின்மேல் பொருத்தினர். தம்ளர்ச் சோதனையின் தத்துவம் அப்போதே கையாளப்பட்டதைக் காண்க. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளுள் ‘உறிஞ்சல்’ என்பதும் ஒன்று. கிரேக்கர்களும் சீனர்களும் இதை அறிந்திருந்தனர். அராபியர் ‘ஹிஜாமா’ என்றனர். ஐரோப்பிய மருத்துவமனைகளிலும் இது இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1929இல் பாரிஸ் நகரில் நுரையீரல் அழற்சியால் மருத்துவமனையில் படுத்திருந்தபோது, மற்றொரு நோயாளிக்கு வைத்த கிண்ணங்களையே, தூய்மை செய்யாமல் தமக்கும் வைத்தார்கள் என்று 1946இல் எழுதியிருக்கிறார்.

பழைமை மதிப்புக்குரியது, ஆனால் பழைமையே சான்றாகிவிடாது. கிண்ணம் வைப்பதால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்பது நம் கடமை. இந்தக் கேள்வி இன்று பெரும்பாலும் இடுப்பு வலியை ஒட்டியே எழுகிறது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 61.9 கோடி மக்கள் இடுப்பு வலியால் துன்புற்றனர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்று மாதங்களுக்கு மேலும் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்பர். இவர்களுள் மிகப் பெரும்பாலோரிடம் எலும்பு முறிவோ, கட்டியோ, வேறு தனி நோயோ காணப்படுவதில்லை. ஆனால் வலி மெய்யானது. உழைப்பையும் உறக்கத்தையும் கெடுப்பது.

எனக்குத் தெரிந்த தையற்காரர் ஒருவர் இத்தகைய வலியால் இரண்டாண்டுகள் வருந்தினார். இயன்முறை மருத்துவர் ஒருவர் அவருக்குச் சில பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். அதே சமயம் வாரம் ஒருமுறை அவர் கிண்ணமும் வைத்துக்கொண்டார். இரண்டு மாதங்களில் நல்ல குணம் தெரிந்தது. “பயிற்சியா? அது காலையில் பத்து நிமிஷம் ஐயா, அது என்ன செய்துவிடும்? கிண்ணந்தான் வலியை இழுத்து எடுத்துவிட்டது” என்றார். பயிற்சியை விட்டுவிட்டார், கிண்ணத்தை விடவில்லை. அடுத்த நான்கு மாதங்களில், தையல் இயந்திரத்தின் முன் அரைமணி நேரமும் உட்கார முடியாமற்போயிற்று. மாதாமாதம் கிண்ணத்திற்குக் கொடுத்த பணம் அவருடைய வருமானத்தில் சிறிய பங்கு அன்று.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. இரண்டு சிகிச்சைகள் சேர்ந்து நடக்கும்போது, எதனால் குணம் வந்தது என்று நோயாளி எங்ஙனம் அறிவார்? கிண்ணம் முதுகில் வட்டம் பதித்துச் செல்கிறது. பயிற்சி எந்த அடையாளமும் வைப்பதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. நாட்பட்ட வலி அலைபோல ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் வைத்தியரை நாடுகிறோம். உச்சத்திற்குப் பின் வருவது பெரும்பாலும் இறக்கமே. வெள்ளம் வடியும் நாளில் அணையிட வந்தவன், வெள்ளத்தைத் தானே வடித்ததாகப் பெயர் வாங்கிக்கொள்வதைப் போன்றது இது.

ஆகையால், ஒன்றை மாத்திரம் மாற்றி, மற்றவற்றை ஒரேபடியாக வைத்துச் சோதிக்க வேண்டும். பிரேசில் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ஓர் அழகிய வழி கண்டனர். நாட்பட்ட இடுப்பு வலியுடைய 90 பேரைக் குலுக்கல் முறையில் இரு பகுதியினராகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மெய்யான கிண்ணங்களை வைத்தார்கள். மற்றப் பகுதியினருக்கு வைத்தவையும் பார்வைக்கு அதே கிண்ணங்களே. ஆனால் அவற்றில் சிறு துளை இருந்தது. சில விநாடிகளில் துளை வழியே காற்று புகுந்துவிடும். எட்டு வாரங்கள், வாரம் ஒருமுறை, இவ்வாறே நடந்தது. 2021இல் முடிவு வெளிவந்தது. மெய்க் கிண்ணம் துளைக் கிண்ணத்தைவிட மேலான பயன் எதையும் தரவில்லை. கிண்ணத்தால் வலி சில காலம் குறைந்ததாகக் கூறும் வேறு ஆராய்ச்சிகளும் உண்டு. ஆயினும் அவற்றுள் பல சிறியவை. பலவற்றில் இத்தகைய துளைக் கிண்ணம் இல்லை.

இனிப் பயிற்சியைப் பார்ப்போம். அதே 2021இல், பயிற்சியைப் பற்றிய 249 ஆராய்ச்சிகளை ஒருங்கே திரட்டிச் சீர்தூக்கினார்கள். வலியை 100 புள்ளிகளால் அளந்தால், பயிற்சி செய்யாதவர்களைக் காட்டிலும் செய்தவர்களுக்கு ஏறத்தாழ 15 புள்ளி குறைந்திருந்தது. இது அற்புதம் அன்று. வலி முற்றும் ஒழிந்துவிடவில்லை. ஆனால் இந்தப் பயன் மீண்டும் மீண்டும் காணப்பட்டது. ஆஸ்திரேலியாவில், இடுப்பு வலியிலிருந்து அண்மையில் மீண்ட 701 பேரைக் கொண்டு செய்த மற்றோர் ஆராய்ச்சி 2024இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்குப் படிப்படியாக நடைப்பயிற்சியும் வலியைப் பற்றிய அறிவுரையும் தந்தார்கள். இவை பெறாதவர்களுள் பாதிப்பேருக்கு 112 நாட்களுக்குள் வலி திரும்பியது. பெற்றவர்களுக்கோ அந்நிலை வர 208 நாட்கள் ஆயின. இதற்கு வேண்டிய கருவி இரண்டு கால்களே!

பயிற்சி எவ்வாறு உதவுகிறது? இடுப்புப் பகுதியில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றைத் தாங்கி நிறுத்துவன முதுகிலும் வயிற்றிலுமுள்ள தசைகள். வலிக்கு அஞ்சி அசையாதிருந்தால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை சிறு வேலைக்கும் நோகிறது. நோவு மேலும் அச்சத்தை வளர்க்கிறது. இந்தச் சுழலை அறுப்பதே பயிற்சியின் பணி. அசைந்தால் ஆபத்தில்லை என்று உடலும் உள்ளமும் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும் பயிற்சி இடம்பெற்றிருக்கிறது. இடுப்புப் பட்டையையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகக் கையாள வேண்டாம் என்று அது கூறியிருக்கிறது.

அப்படியானால் கிண்ணத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? அவ்வளவு கடுமை வேண்டியதில்லை. அந்த இளைப்பாறுதலால் ஒருவருக்கு மறுநாள் நடக்கத் துணிவு பிறக்குமாயின், அதனோடு நாம் சண்டையிட வேண்டாம். ஆனால் சில வரம்புகள் உண்டு. கிண்ணம் தூய்மையாயிருக்க வேண்டும். தோலைக் கீறிக் குருதி எடுப்பதில் தொற்றுநோய் அபாயம் மிகுதி. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்களும் தோற்புண் உடையவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். இடுப்பு வலியோடு காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, கால் பலவீனம், சிறுநீர் மலம் அடக்க இயலாமை இவற்றுள் ஒன்று தோன்றினாலும், கிண்ணமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம்; உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, கிண்ணம் பயிற்சியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது.

அந்தத் தையற்காரர் மீண்டும் பயிற்சியைத் தொடங்கினார். வலி அவரை முற்றும் விட்டுவிடவில்லை. ஆயினும் இப்போது மணிக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வந்து தைக்கிறார். நாள் முழுவதும் வேலை செய்கிறார்.

உங்கள் வீட்டிலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும் தந்தையோ பாட்டியோ இருக்கக்கூடும். இன்ன சிகிச்சையால் இன்னாருக்குக் குணமாயிற்று என்று எவரேனும் அவர்களிடம் சொன்னால், அச்சிகிச்சை பெறாதவர்கள் என்ன ஆனார்கள் என்று நீங்கள் பணிவாகக் கேளுங்கள். கேட்டதோடு நில்லாமல், மாலையில் அவர்களுடன் சிறிது தூரம் நடந்தும் வாருங்கள்.