ஆரணி ஆற்றங்கரைக் கதைகளும் நம் வகுப்பறையும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரியபாளையம், பொன்னேரி, பழவேற்காடு மூன்றையும் ஒரே ஆறு இணைக்கிறது. ஆந்திராவில் புறப்படும் ஆரணி ஆறு, பழவேற்காடு ஏரியில் கலப்பதற்குள் பல கதைகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. அந்தக் கதைகளை வகுப்பில் என்ன செய்வது என்பதுதான் இன்றைய பேச்சு.

ஆடி மாதம் பிறந்தால் பெரியபாளையத்தில் வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வரும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். "பவானியம்மன் அங்கே எப்படி வந்தாள்?" என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டேன். கம்சன் கையிலிருந்து நழுவி வானில் பறந்த குழந்தைதான் அவள் என்றாள் ஒரு மாணவி. இன்னொருவன், ஆந்திரப் பக்கத்து வளையல் வியாபாரி ஒருவர் மரத்தடியில் கண்ணயர்ந்தபோது வளையல் மூட்டை புற்றுக்குள் போய்விட்ட கதையைச் சொன்னான். உடனே வகுப்பே கேட்டது: "சார், எது உண்மை?"

"எல்லாம் கட்டுக்கதை" என்றால், கதை சொன்ன பாட்டி பொய் சொன்னவள் ஆகிவிடுகிறாள். "அப்படியே நடந்தது" என்றால் அடுத்த பீரியடில் வரலாறு நடத்த முடியாது. நான் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டேன்: கண்டது, கேட்டது, எழுதியிருப்பது. எந்தச் செய்தி எந்தக் கட்டத்தில் போகும் என்று பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும். வேப்பிலை ஆடை, கண்டது. வளையல் வியாபாரி, கேட்டது. சண்டை பாதி குறைந்துவிட்டது.

பொன்னேரியில் சித்திரைத் திருவிழாவின்போது கரிகிருஷ்ணப் பெருமாள் கருட வாகனத்திலும், அகத்தீஸ்வரர் நந்தி வாகனத்திலும் வந்து சந்திக்கிறார்கள். அது கண்டது. அகத்தியரும் பரத்வாஜரும் அந்தக் காட்சியைப் பெற்றார்கள் என்பது கேட்டது. எழுதியிருப்பதற்கு எங்கே போவது? ஒரு மாணவன் ஹரிஹரன் கடைவீதிப் பெயர்ப்பலகையைச் சொன்னான். தெருப்பெயரும் ஒரு சான்றுதான் என்று நான் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

பழவேற்காட்டில் மூன்றாவது கட்டம் நிறைந்துவிடும். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று புதர்மேடு. ஆனால் கல்லறைகளில் 17-ஆம் நூற்றாண்டு ஆண்டுகள் தெளிவாக இருக்கின்றன. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்துப் பிள்ளைகள் சொல்லும் பேய்க் கதைகள் இரண்டாம் கட்டத்துக்கு!

அங்கே எனக்குக் கோட்டையைவிடப் பெரிய விஷயமாகத் தெரிவது 'பாடு'. ஏரியில் இறால் நன்றாகக் கிடைக்கும் இடங்கள் குறைவு. அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முறை வைத்து வலை போடுகின்றன. மாதா கோயில் ஊரும் அம்மன் கோயில் ஊர்களும் ஒரே தண்ணீரை முறை மாற்றிப் பங்கிடுகின்றன. இன்று நம் ஊர் முறை என்றால் மறுபடி எப்போது, இருபதாம் நாள் யாருடையது என்று கேளுங்கள். மூன்றால் வகுத்து மீதி காண்பது எதற்கு என்று அப்புறம் எந்தப் பிள்ளையும் கேட்காது. மீனவர் வீட்டுப் பையன் அன்றைக்கு வகுப்பில் ஆசிரியர். அதோடு நிறுத்தாதீர்கள். இந்த முறையில் பெண்களுக்குப் பங்கில்லை, சேற்றில் கையால் இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் இல்லை. ஏன் என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் அதட்டி உட்கார வைக்காதீர்கள்.

இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் வருவோம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள். "உன் வீட்டு ஆடித் திருவிழா பற்றி ஐந்து வாக்கியம் எழுது" என்றால் அந்தப் பிள்ளை என்ன எழுதும்? பெயரளவில் சேர்த்துவிட்டு, வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறோம்.

ஒடியா பேசும் ஒரு சிறுமியிடம் அவள் ஊர் விழாவை வரையச் சொன்னேன். தண்ணீரில் சின்னச் சின்னப் படகுகள், உள்ளே விளக்கு. கார்த்திகைப் பௌர்ணமி விடியலில் வாழைப்பட்டையில் படகு செய்து மிதக்கவிடுவார்களாம். அவர்கள் முன்னோர் பாலி, ஜாவாவுக்குக் கடல் வாணிகம் போன நினைவாகச் செய்வது அது. எங்கள் குப்பத்துப் பையன்கள் படத்தைச் சுற்றி நின்றுகொண்டு, "துடுப்பு எங்கே?" என்று கேட்டார்கள். அவள் தமிழில் முழு வாக்கியமாகப் பதில் சொன்னது அன்றுதான்.

எமிஸ் பதிவேற்றவே நேரமில்லை, இதற்கு எங்கே போவது என்று முன்வரிசையில் ஒரு சகோதரி முணுமுணுப்பது கேட்கிறது. நியாயம்தான். வாரம் ஒரு பீரியட் போதும், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். சில ஆண்டுகளில் நம் கார்த்திகை தீபமும் அந்தப் பௌர்ணமியும் ஒட்டியே வருகின்றன. அதற்குள் உங்கள் வகுப்பில் யார் யார் எந்த ஊர், வீட்டில் என்ன மொழி என்று மட்டும் கேட்டு வையுங்கள். வாழைப்பட்டையைப் பிள்ளைகளே கொண்டு வந்துவிடுவார்கள்.