சொல் நிற்கும் இடம்



“மகன் வந்துவிட்டான்” என்பது செய்தி, “வந்துவிட்டான் மகன்!” என்பது வழிபார்த்திருந்த தாயின் நெஞ்சு. சொற்கள் அவையே, நின்ற இடமே வேறு.

இவ்வுரிமையைத் தமிழுக்குத் தந்தவற்றுள் தலையாயவை வேற்றுமை உருபுகள். “பாம்பைக் கீரி கொன்றது” என்பதன் சொற்களை எவ்வாறு மாற்றி வைப்பினும் இறந்தது பாம்பே. உருபின்றிப் “பாம்பு கொன்ற கீரி” என்றாகிவிட்டால், மாண்டது எது என்னும் ஐயம் எழுகிறது.

தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்பதே இயல்பு. ஆதலின் கேட்போர் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். துயருற்றவனை அவ்வாறு காக்கவைத்தல் தகாது. கம்பரின் அனுமன் இலங்கையிலிருந்து மீண்டு இராமனிடம் உரைக்கையில், கண்டமையை முன்வைத்து, கண்டது யாரை என்பதைப் பின்வைத்தான். சீதையைக் குறிக்கும் சொல் முந்தியிருந்தால், அடுத்த சொல் வருமுன் இராமன் நெஞ்சில் அச்சம் புகுந்திருக்கும்.

தொல்காப்பியர் மொழிபுணர் இயல்பை 4 ஆகவும், நன்னூலார் பொருள்கோளை 8 ஆகவும் வகுத்தனர். சொல்லைப் பெயர்த்து வைக்க இலக்கணம் இடம் தருகிறது. எதற்காகப் பெயர்ப்பது என்பது கவிஞனின் பொறுப்பு. எதுகைக்காகத் தள்ளப்பட்ட சொல் படிப்போர் காலை இடறும். உணர்ச்சி முன்னிறுத்திய சொல் நெஞ்சில் தங்கும். இவ்விரண்டையும் பிரித்தறியும் செவி இவ்வட்டத்துக் கவிஞர்க்கு வாய்ப்பதாகுக.