போதைப்பொருள் செல்லும் வழிகளும் சுமப்போர்க்கு வருங் கேடும்

(சங்கத்தின் சிதம்பரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கள்ளுண்ணாமையின் சிறப்பை எடுத்துரைக்க வள்ளுவர் இருக்கின்றார். அதனை நாம் ஈண்டு விரிக்கப் புகவில்லை. கடத்தப்படும் போதைப்பொருள் எவ்வெவ்வழியாற் செல்கின்றது, அவ்வழிகளில் யார்க்கு என்ன கேடு நேர்கின்றது என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள். நம் சங்கத்துப் பிள்ளைகள் சிதம்பரத்தில் விடுதிகளில் தங்கிப் பயில்கின்றனர். கடலூர்ப் பகுதியினின்று சிங்கப்பூர்க்கும் வளைகுடா நாடுகட்கும் பிழைப்பை நாடிச் செல்வோரும் நம்மிற் பலர். ஆதலின் இஃது அயலார் கதையன்று.

கடத்தல் என்னும் சொல் கடலூரார்க்குப் புதிதுமன்று. சேலத்தில் 1937-இல் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணமெங்கும் பரவியபோது, புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. எல்லைக்கு அப்பால் கடை, இப்பால் தடை. அஃதொன்றே கடத்தலுக்குப் போதுமானதாயிற்று. இன்றும் ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் வண்டிகளை நிறுத்திப் புட்டிகளைத் தேடுகின்றனர். புட்டி கடத்துவதைச் சிறு குறும்பாக எண்ணிச் சிரிக்கும் வழக்கம் நம்மூரில் உண்டு. அச்சிரிப்பைக் கஞ்சாவின் பக்கலிலும் காட்டுவோர் அதன் சட்டத்தை அறியாதவரே.

ஆந்திர ஒடிசா எல்லை மலைகளிற் பயிராகும் கஞ்சா புகைவண்டியாலும் பேருந்தாலும் தெற்கு நோக்கி வருகின்றது; அதில் ஒரு பகுதி கோடியக்கரைப் பக்கத்தினின்று படகேறி இலங்கைக்குச் செல்கின்றது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் எடையை நோக்குமேயன்றிச் சுமந்தவன் பெற்ற கூலியை நோக்காது. கஞ்சா 20 கிலோகிராமுக்கு மேற்படின் அது வணிக அளவு. ஹெராயினோ 250 கிராமுக்கு மேற்பட்டாலே அவ்வளவாம். அதற்குத் தண்டனை பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல். இருபதாண்டு வரையும் நீளும். பிணையிற் போதலும் எளிதன்று. இன்னுங் கேளுங்கள்: பொருள் கையிலிருந்தது மெய்ப்பிக்கப்பட்டபின், 'இன்னதென்று அறியேன்' என்பதை ஐயமற நிலைநாட்ட வேண்டியவன் குற்றஞ்சாட்டப்பட்டவனே. வண்டியிற் கொண்டுபோனால் வண்டியும் பறிமுதலாகும். உடையவன் தான் அறியாமையையும் தக்க எச்சரிக்கையோடு இருந்தமையையும் காட்டினாலன்றி அது மீளாது. மோட்டார் சைக்கிளை நண்பனுக்கு இரவல் கொடுக்கும் மாணவர் இதனை அறிதல் வேண்டும்.

அஞ்சலில் வந்தால் சுமப்போர் இலரே எனச் சிலர் கருதுவர். பொட்டலத்தை வழியிற் கண்டுகொண்ட அதிகாரிகள், அதனை அங்கேயே நிறுத்தாமல் தொடர்ந்து சென்று, வாங்குவோன் கையில் சேரும்வரை காத்திருத்தற்கு அச்சட்டமே இடந்தந்திருக்கின்றது. 'என் பெயர்க்கு வேண்டா, உன் அறை முகவரிக்கு வரட்டும்' என்று தோழன் கேட்பதன் உட்பொருள் இதுதான். (பார்சலில் போதைப்பொருள் இருந்ததென்று தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிப்போர் வேறு வகையினர். அவர்க்கு அஞ்சற்க, 1930 என்னும் எண்ணில் முறையிடுக.)

வழிகளில் மிகக் கொடியது விழுங்குதல். உறையிட்ட சிற்றுருண்டைகளை வயிற்றில் ஏற்றி வானூர்தி ஏறுகின்றனர். ஓர் உறை கிழிந்தால் காவலர் கையிற் படுவதற்குமுன் உயிரே போம். இங்ஙனஞ் சுமப்போரைக் குருவி என்பர். பெயர் பொருத்தமே, கண்ணியிற் படுவது குருவிதானே.

சிங்கப்பூர்ச் சட்டம் இன்னுங் கடுமையானது. தூய ஹெராயின் 15 கிராமுக்கு மேலும் கஞ்சா 500 கிராமுக்கு மேலும் கடத்தினால் ஆங்கு மரண தண்டனை உண்டு. மலேசியத் தமிழர் நாகேந்திரன் தர்மலிங்கம் தொடையிற் கட்டிய 42.72 கிராம் ஹெராயினோடு 2009-இல் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியிற் பிடிபட்டார். அவர் அறிவுத்திறன் குறைந்தவர் என்று வாதாடியும் பயனின்றி, 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். மறு ஆண்டு அதே திங்களில் தங்கராஜு சுப்பையா தூக்கிலிடப்பட்டார். பொருளைக் கையில் வைத்திருந்து பிடிபட்டவரல்லர் அவர். ஒரு கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட கஞ்சாவை வருவிக்கப் பயன்பட்ட தொலைபேசி எண்கள் அவருடையவை என்று நீதிமன்றம் கொண்டது. தொடாமையும் ஆங்குக் காவலாகவில்லை.

இவையெல்லாம் பணத்தாசையால் வந்தவை, நம்மவர்க்கு என்ன என்பீராயின், நாம் அஞ்சுவது வேறொரு வழியை. ஊரினின்று செல்பவரிடம் ஊறுகாயும் பலகாரமும் கொடுத்தனுப்புதல் நம் வழக்கம். உறவினர் கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தல் அவமதிப்பு என்று எண்ணுதலும் நம் வழக்கம். முன்னது நல்ல வழக்கம், அது நீடிக்கட்டும். பின்னதை இன்றே விட்டொழிக்க வேண்டுமென்பது நம் கருத்து. கொடுப்பவர் கண்ணெதிரிலேயே பொட்டலத்தை அவிழ்த்துப் பாருங்கள். மாமனாயினும் சம்பந்தியாயினும் சினந்தாற் சினக்கட்டும்.

மும்பையைச் சார்ந்த இளந்தம்பதியர் 2019-இல் கத்தார் சென்றனர். கணவனின் அத்தையே பயணத்துக்கு ஏற்பாடு செய்து, புகையிலையென்று சொல்லி ஒரு பொட்டலத்தையும் ஒப்படைத்தாள். தோஹா வானூர்தி நிலையத்தில் அஃது ஏறக்குறைய நான்கு கிலோகிராம் சரஸ் என்று தெரியவந்தது. இருவர்க்கும் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அப்போது அப்பெண் கருவுற்றிருந்தாள். இந்தியாவில் போதைப்பொருட் தடுப்புத் துறையினர் புலனாய்ந்து உண்மை வெளிப்பட்டபின், 2021-இல் அவர்கள் விடுதலை பெற்று ஊர் மீண்டனர். சிறையிற் பிறந்த அவர்தம் பெண்மகவுக்கு அப்பொழுது ஓராண்டு நிரம்பியிருந்தது.