கண்ணுக்குத் தெரியாத இரத்தம்

(மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று மலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

நமது தோட்டங்களில் ஒரு பெண் களைத்து, முகம் வெளிறி டிஸ்பென்சரிக்குப் போனால், "இரத்தம் குறைவு" என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். பிள்ளை பெறும் வயதில் அது பெரும்பாலும் சரிதான். மாதவிடாய் நின்றுபோன 55 வயதுத் தாய்க்கோ, ஒரு ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்தால், இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று கேட்க வேண்டும். குடலில் கசிந்துகொண்டிருக்கலாம். குடல் புற்றுநோயும், பின்னால் புற்றுநோயாகக்கூடிய சதை வளர்ச்சியும் வலியே இல்லாமல் மெல்லக் கசியும். மாத்திரையால் முகத்தில் கொஞ்சம் நிறம் ஏறும்; கசிவு நிற்காது. அப்படிப்பட்டவர்கள் நேராக டாக்டரிடம் போக வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டவர்களும் அப்படியே.

எந்த நோயும் தெரியாமல் 50 வயதைக் கடந்தவர்களுக்குத்தான் வீட்டிலேயே எடுக்கும் மலப் பரிசோதனை. ஒரு சிறு குழாய், மூடியில் ஒரு குச்சி. குச்சியால் மலத்தைச் சில இடங்களில் தொட்டு, குழாய்க்குள் விட்டு மூடினால் போதும். மலம் தண்ணீரில் படக்கூடாது. நமது கக்கூசில் பழைய பத்திரிகையை விரித்துக்கொள்ளலாம். மனித இரத்தத்தை மட்டுமே கண்டுபிடிக்கும் டெஸ்ட் இது. முதல்நாள் கறி சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. மாதவிடாய் நாட்களில் எடுக்க வேண்டாம்.

ஜப்பானில் 1992 முதல் 40 வயதானவர்களுக்கு வருடந்தோறும் இதைச் செய்கிறார்கள். இங்கிலாந்தில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தபாலில் வீட்டுக்கே குழாய் வருகிறது. நமது லயத்துக் காம்பிராவுக்குத் தனி முகவரியே இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்தில் கிடக்கும். ஆகவே இங்கே இது கையோடு கையாகத்தான் வர வேண்டும், டிஸ்பென்சரி வழியாகவோ மிட்வைஃப் வழியாகவோ.

இரத்தம் இருக்கிறது என்று முடிவு வந்தால் புற்றுநோய் என்று அழ வேண்டாம். மூலமாக இருக்கலாம், புண்ணாக இருக்கலாம். ஆனால் கொலனோஸ்கொப்பி செய்து குடலுக்குள் பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது. இன்னொரு குழாயில் எடுத்து, "இப்போது இல்லை" என்று வந்ததும் விட்டுவிடக்கூடாது. கசிவு ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது. "இல்லை" என்று வந்தவர்களும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது அதனால்தான்.

இங்கேதான் சங்கத்தின் வேலை. முதல்நாள் பேதிக்குக் குடித்து வீட்டில் இருக்க வேண்டும். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரி. துணைக்கு ஒருவர் வேண்டும். ஒரு குடும்பத்தில் மூன்று பேர் போய்விடுகிறது. பஸ் காசு வேறு. நமது ஆட்கள் பயத்தால் மட்டும் பின்வாங்கவில்லை, இந்தக் கணக்காலும்தான். குழாய்களை இனாமாகக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போக யாரும் வரலாம். வரட்டும், நல்லதுதான். நாம் கம்பனியிடம் கேட்க வேண்டியது அந்த மூன்று நாட் சம்பளத்தை. சுகாதாரப் பகுதியிடம் கேட்க வேண்டியது, முடிவு வந்தவருக்குத் தாமதமில்லாமல் ஒரு திகதியை.

தலைவிமாரே, 50 வயதைத் தாண்டி, மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் உங்கள் மலையில் யார் என்று உங்களுக்குத் தெரியும். பிரட்டுக்களத்தில் பேசாதீர்கள்; தனியாகப் பேசி, கிளினிக் கொப்பியோடு டாக்டரிடம் அனுப்புங்கள். அன்றைய பேரை வெட்டினால், செக்ரோல் விபரத்தோடு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.