வந்ததை அனுப்பினேன் என்பது பதில் அல்ல

(பாளையங்கோட்டையில் அன்பியப் பொறுப்பாளர்களும் மறைக்கல்வி ஆசிரியர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே! நீங்கள் செபம் செய்துகொண்டிருக்கவில்லை என்பது இங்கிருந்தே தெரிகிறது.

கைபேசியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இதற்கு நம்மிடம் இரண்டு பிரசங்கங்கள் எப்போதும் தயார். ஒன்று தியானப் பந்தலில் கேட்பது: போன் பிசாசின் பெட்டி, தூக்கி எறியுங்கள். சொல்லி முடித்த கையோடு அந்தப் பிரசங்கத்தையே யூடியூபில் ஏற்றி, மறக்காமல் சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வார்கள். மற்றொன்று படித்தவர்கள் சொல்வது: அது வெறும் கருவி, நல்லதும் கெட்டதும் நம் கையில். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘நம் கையில்’ என்று சொன்னவர்களில் ஒருவராவது, ‘ஆமாம், இது என் கையால் நடந்தது’ என்று ஒரு நாள் ஒப்புக்கொண்டதுண்டா? முதல் கட்சி பழியைப் பிசாசின் தலையில் போடுகிறது. இரண்டாவது கட்சி பொதுவாகத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறது. இரண்டு கட்சியும் சேர்ந்து ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டன. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் இன்றுவரை போன் நுழையவில்லை.

நம் கரையில் திருச்சபைக்குக் கருவிகள் மேல் பயம் இருந்ததில்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் உழைத்த இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளார், 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் அந்த அச்சுப் பணிக்குக் காசு கொடுத்தார்கள். இரண்டே ஆண்டில், 1580இல், என்ன அச்சிட்டார் தெரியுமா? பாவசங்கீர்த்தனத்துக்கு வழிகாட்டும் நூல். அந்தக் காலத்தின் ஆகப் புதிய இயந்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ‘உன் மனசாட்சியைச் சோதித்துப் பார்’ என்று இந்தக் கரை மக்களிடம் அவர் கேட்டார். நானூற்று நாற்பது ஆண்டு கழித்து அதைவிடப் பெரிய இயந்திரம் ஒவ்வொரு சட்டைப்பையிலும் இருக்கிறது. நாம் அதில் என்ன செய்கிறோம்? காலை வணக்கத்துக்கு ஒரு ரோஜாப்பூ, இயேசு படம், ‘பதினோரு பேருக்கு அனுப்பினால் மாலைக்குள் நற்செய்தி வரும்’ என்ற ஆசைவார்த்தை. இது பக்தி இல்லை, மூடநம்பிக்கை. அது முதல் கட்டளைக்கு எதிரானது. அதை இத்தோடு விடுகிறேன், எனக்கு வேலை எட்டாம் கட்டளையிடம்.

பொய்ச்சான்று சொல்லாதே. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2477ஆம் எண்ணில் இந்தக் கட்டளையை எவ்வளவு தூரம் நீட்டுகிறது என்பது பெரியவர்களுக்கே தெரியாது. போதிய ஆதாரம் இல்லாமல் ஒருவர் தப்பு செய்தார் என்று மனதுக்குள் முடிவுகட்டுவதே பாவம். பொய் சொல்லி ஒருவர் பேரைக் கெடுப்பது பாவம். மூன்றாவதுதான் நம்மைக் குத்தும்: ஒருவரின் குறை உண்மையாகவே இருந்தாலும், தகுந்த காரணம் இல்லாமல் அதைத் தெரியாதவர்களிடம் போய்ச் சொல்வதும் பாவம். ‘நான் சொன்னது உண்மைதானே’ என்ற வாதம் அங்கே செல்லாது. பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையின் ஆடியோ, தேர்வில் தோற்ற பிள்ளையின் மார்க் ஷீட், யாரோ ஒரு பெண் யாரோ ஒரு பையனோடு வண்டியில் போன படம். எல்லாம் உண்மைதான். எல்லாம் பாவம்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கை, முன்வரிசையைப் பார்த்தே சொல்கிறேன். புறங்கூறாதே என்ற போதனையை வாயை அடைக்கும் துணியாக்க வேண்டாம். ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் அதைக் காவல்துறையில் சொல்ல வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மறைக்கல்வி நூல் சொல்லும் ‘தகுந்த காரணம்’ அதைவிடத் தகுந்ததாக எங்கே இருக்க முடியும்? வாட்ஸ்அப்பில் போடாதே, காவல் நிலையத்தில் சொல். நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இனி பொய்க்கு வருவோம். 2018 மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் குலதெய்வக் கோவிலுக்குப் போன ஒரு குடும்பம் வழி விசாரிக்க நின்றது. அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி அப்போது ஊர் ஊராகப் போனில் ஓடிக்கொண்டிருந்தது. ஊர் திரண்டது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். அடித்தவர்களைப் போலீஸ் பிடித்தது. அந்த வதந்தியை, ‘உஷார்’ என்று மேலே ஒரு சொல் சேர்த்து, பிள்ளைகளின் மேல் உள்ள பாசத்தினாலேயே அடுத்தவருக்கு அனுப்பினார்களே ஆயிரக்கணக்கான பேர், அவர்களை யார் பிடித்தது? அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுகளுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. அமெரிக்கக் கம்பெனிக்கே ஏதோ உறுத்தியிருக்கிறது. ஞாயிறு தவறாமல் நன்மை வாங்கும் நமக்கு உறுத்தவில்லை. ‘எனக்கு வந்துச்சு, அனுப்புனேன்’ என்கிறோம்.

இந்த இடத்தில் சாமிமார் பிலிப் நேரியார் கதையை எடுப்பார்கள். புறங்கூறிய பெண்ணிடம் கோழி இறகைப் பிய்த்துக்கொண்டே தெருவில் போகச் சொன்னாராம். பிறகு அதையெல்லாம் பொறுக்கி வா என்றாராம். பொறுக்க முடியுமா? சொன்ன சொல்லும் அப்படித்தான். நல்ல கதைதான். ஆனால் இன்றைக்கு அது நமக்கு வசதியான சாக்காகிவிட்டது. பறந்தது பறந்தது, இனி என்ன செய்ய என்று மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். இறகு போன திசை அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நம் பொய் போன குரூப் நமக்குத் தெரியும்! போன தேதி தெரியும், மணி தெரியும், அதைப் பார்த்தவர்கள் யார் யார் என்று நீலக் குறி காட்டுகிறது. அவர்கள் அதற்கப்பால் யாருக்கு அனுப்பினார்கள் என்பது தெரியாமல் இருக்கலாம். அது நமக்குக் கைக்கு எட்டாதது. கைக்கு எட்டியதையாவது செய்தோமா?

மறைக்கல்வி நூல் 2487ஆம் எண்ணில் இதைக் கடமை என்றே சொல்கிறது. உண்மைக்கும் நீதிக்கும் எதிராகச் செய்த பாவத்துக்கு ஈடு செய்ய வேண்டும். பாவம் மன்னிக்கப்பட்டாலும் அந்தக் கடன் நிற்கும். பகிரங்கமாகச் செய்ய முடியாவிட்டால் மறைவாகவாவது செய்ய வேண்டும், அது மனசாட்சியைக் கட்டும். ஆடு திருடியவன் மன்னிப்புக் கேட்டால் போதாது, ஆட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் புரிகிறது. ஒருவர் மானத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் ஏன் புரியவில்லை? பொய்யை முந்நூறு பேர் முன்னால் போட்டுவிட்டு, உண்மை தெரிந்ததும் ‘டிலீட் ஃபார் எவ்ரிஒன்’ அமுக்கினால் அது ஈடு ஆகாது. தடயத்தை அழித்ததாகத்தான் ஆகும்.

இப்போது நம் மாவட்டத்துக்கே உரிய நோய்க்கு வருகிறேன். கொஞ்சம் கசக்கும். 1910இல் வடக்கன்குளத்தில், கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துக் கட்டியிருந்த சுவரை இடித்தார்கள். அதை முன்நின்று செய்தவர் கௌசானல் அடிகளார். சுவரைத் திரும்பக் கட்டித் தரச் சொல்லி நம்மவர்களே, கிறிஸ்தவர்களே, வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இப்போது ஒரு கத்தோலிக்கப் பையனின் ஸ்டேட்டஸைப் பாருங்கள். காலையில் அந்தோணியார் படம், மத்தியானம் சாதித் தலைவர் படம், பின்னணியில் அரிவாள் பாட்டு, கீழே நெருப்பு எமோஜி. இடித்த சுவரை அவன் தன் போனுக்குள் கட்டிக்கொண்டான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியில் உடன்படித்த பையன்களே வீடு புகுந்து அண்ணனையும் தங்கையையும் வெட்டினார்கள். 2025 ஜூலையில் இதோ நம் கே.டி.சி. நகரில் ஒரு இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நாட்களில் நம் பங்குப் பிள்ளைகளின் ஸ்டேட்டஸில் என்ன ஓடியது என்று பெற்றோரே, நீங்கள் பார்த்தீர்களா? பார்த்தும் பேசாமல் இருந்தீர்களா? பூசையின் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு கடமையில் தவறியதையும் பாவமாகத்தானே அறிக்கையிடுகிறோம்?

ஒரு நிமிடம் பிரியாணி. ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலிலேயே நின்று போனில் ஆர்டர் போடுகிறோம். கொண்டுவரும் தம்பி நம் பங்கைச் சேர்ந்தவனாகவே இருக்கலாம். அவனுக்குப் பூசை எப்போது? ஆண்டவரின் நாளை மற்றவர்கள் அனுசரிக்கத் தடையாக அவர்கள் மேல் தேவையில்லாத வேலையைச் சுமத்தாதே என்று 2187ஆம் எண் சொல்கிறது. உணவகமே கூடாது என்று அது சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. 1891இல் சிங்கராயர் என்று நம் பாட்டிமார் அழைத்த பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் உரிமைக்காக எழுதினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை அதே பெயரை எடுத்ததற்கு அந்த எழுத்தையும், செயற்கை நுண்ணறிவால் உழைப்புக்கு வரும் சவாலையும் காரணமாகச் சொன்னார். இருபது நிமிடம் தாமதம் என்று அந்தத் தம்பிக்கு ஒற்றை நட்சத்திரம் போடும் விரலும் அந்தச் சவாலில் அடக்கம்.

போன் வேண்டாம் என்று இங்கே யாரும் முடிவுகட்டிக்கொண்டு போக வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய அந்த இரண்டு நாளில், டவர் இருந்த இடங்களிலெல்லாம் எந்த மாடியில் யார் மாட்டியிருக்கிறார்கள் என்று இதே குரூப்புகள்தான் சொல்லின. சாதி கேட்காமல் சொல்லின. 1963இல் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புக் கருவிகளை வியத்தகு கண்டுபிடிப்புகள் என்று வரவேற்றது இப்படிப்பட்ட நாட்களுக்காகத்தான்.

ஆகவே அட்மின்களிடம் ஒரே கோரிக்கை. இன்றிரவு உங்கள் பங்கு குரூப்பில், அன்பியக் குரூப்பில், பாடற்குழு குரூப்பில் ஒரு விதி போடுங்கள். பொய் என்று தெரிந்த செய்தியை அனுப்பியவர், அதே குரூப்பில், அதே பெயரில், ‘செவ்வாய்க்கிழமை நான் போட்டது பொய், விசாரிக்காமல் போட்டேன், யாருக்காவது அனுப்பியிருந்தால் இதையும் அனுப்புங்கள்’ என்று எழுத வேண்டும். யாரும் கேலி செய்யக்கூடாது. மானம் போகுமே என்கிறீர்களா? அடுத்தவர் மானம் போனபோது இந்தக் கவலை வரவில்லையே! முதல் ஆளாக எழுத வேண்டியவர் அட்மின்.

தந்தையரே, உங்களிடமும் ஒன்று. அடுத்த சனிக்கிழமை சாயந்தரம் ஒருவர் முழந்தாளிட்டு, ‘சாமி, பொய் சொன்னேன், புறணி பேசினேன்’ என்று வழக்கம்போல் ஒப்பித்தால், வழக்கம்போல் மூன்று அருள் நிறைந்த மரியே கொடுத்து அனுப்பாதீர்கள். எந்தக் குரூப்பில் என்று கேளுங்கள்.